‘ரெண்டு மணி நேரமா’ என்பதில் இருக்கிற அந்த ‘ஆ’

கேள்வி, ஜூன் 14, மாலை 6.20

என் மகள் எட்டாம் வகுப்பு. ஆங்கிலப் பரீட்சையில் ‘நான் இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்’ என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் ‘ஆம்’ மேல் சிவப்புக் கோடு போட்டு, ‘ஹேவ் பீன்’ என்று எழுதி, அரை மார்க் குறைத்துவிட்டார். காத்துக்கொண்டிருக்கிறேன் என்றால் ‘ஆம் வெயிட்டிங்’தானே? இன்னும் காத்துக்கொண்டுதானே இருக்கிறாள்? ‘ஹேவ்’ வந்தால் வேலை முடிந்துவிட்டது என்றுதான் எங்கள் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினுவஸ் என்பது புத்தகத்துக்குள் மட்டும் இருக்கிற காலம், பேச்சில் யாருக்கும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜூன் 14, இரவு 9.50

டீச்சர் திருத்தியது சரி. உங்கள் மகள் யோசித்ததும் சரியான யோசனைதான், ஆனால் அது தமிழுக்குச் சரி.

பதினோரு வருஷமாக வீட்டு மாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள், தமிழ்வழியில் படித்தவர்கள். நானும் தமிழ்வழிதான். இந்த ஒரு இடத்தில் தடுமாறாதவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. காரணம் இது.

‘காத்துக்கிட்டு இருக்கேன்’ என்று மட்டும் சொன்னால் ‘ஐ ஆம் வெயிட்டிங்’. ‘ரெண்டு மணி நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்’ என்றால் ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்’. தமிழில் வினை மாறவே இல்லை, கவனியுங்கள். நேரச் சொல்லின் வாலில் ஒரு ‘ஆ’ சேர்ந்தது, அவ்வளவுதான். எப்போதோ தொடங்கி இந்த நிமிஷம் வரை வந்து நிற்கிறது என்ற சேதி முழுவதையும் அந்த ஒற்றை ‘ஆ’ சுமந்துகொண்டு போகிறது. ஆங்கிலத்தில் அதைச் சுமப்பது வினை. அதனால் வினையை மாற்றியே ஆக வேண்டும்.

என் வகுப்பில் நான் சொல்வது இதுதான்: நேரமா, நாளா, மாசமா, வருஷமா. மனசுக்குள் தமிழில் இந்த ‘ஆ’ கேட்டால் வாயில் ‘ஹேவ் பீன்’ வர வேண்டும்.

ஜூன் 14, இரவு 10.15

எப்படிக் கட்டுவது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஐ, யூ, வி, தே என்றால் ‘ஹேவ்’. ஹி, ஷி, இட் என்றால் ‘ஹேஸ்’. அடுத்து ‘பீன்’, அது யாருக்கும் மாறாது. கடைசியில் வினையோடு ‘இங்’. இல்லை என்று சொல்ல ‘நாட்’ வேண்டுமானால் ஹேவுக்கும் பீனுக்கும் நடுவில் வரும். கேள்வியாக்க ஹேவைத் தூக்கி ஆளுக்கு முன்னால் வைக்க வேண்டும்: ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?’ நம் ஊரில் ‘எவ்வளவு நேரமா?’ என்று இரண்டே சொல்லில் கேட்கிறோமே, அதேதான். அங்கேயும் ‘ஆ’ இருக்கிறது பாருங்கள்.

‘ஹேவ் வந்தால் முடிந்துவிட்டது’ என்று சொல்லிக்கொடுத்தது பாதி உண்மை. ஹேவ் சொல்வது, பழைய சங்கதி ஒன்று இப்போதைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை. முடிந்ததா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது பின்னால் வருவதைப் பொறுத்தது.

ஜூன் 15, காலை 7.05

பேச்சில் தேவைப்படாது என்றீர்களே, அதை விட மனம் வரவில்லை. என் வகுப்பில் படித்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பிரசவம் என்று பர்மிங்காம் போனார். போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தார். இவரும் தைரியமாக ‘ஐ ஆம் ஹியர் ஃபார் டூ மன்த்ஸ்’ என்றார். ரெண்டு மாசமா இருக்கேன் என்று சொன்னதாகத்தான் நினைப்பு. அந்த மனிதர் உடனே, அப்படியானால் ஆகஸ்டில் இருப்பீர்கள், எங்கள் தெருவில் ஒரு விருந்து நடக்கும், கட்டாயம் வாருங்கள் என்று கூப்பிட்டார். இவருக்கோ அடுத்த வாரம் விமானம். ஏன் ஆகஸ்ட் என்கிறார் என்று புரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். மகள்தான் பிறகு விளக்கியிருக்கிறாள்: நீங்க சொன்னது ‘ரெண்டு மாசம் இருப்பேன்’னு அர்த்தம் அப்பா.

‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ மன்த்ஸ்’ என்றால் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ‘ஐ ஆம் ஹியர் ஃபார் டூ மன்த்ஸ்’ என்றால் மொத்தம் தங்கப்போவது இரண்டு மாதம். தமிழிலும் இந்த வேறுபாடு கூர்மையாகவே இருக்கிறது: ‘ரெண்டு மாசமா இருக்கேன்’, ‘ரெண்டு மாசம் இருப்பேன்’. நாம் ‘ஆ’வையும் இருப்பேனையும் வைத்துப் பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்துக்குள் போகும்போது ‘ஆ’வைத் தமிழ்க்கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

இந்த வாக்கியத்தில் ‘இங்’ இல்லை என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ‘இரு’ என்ற வினைக்கு ‘பீன்’ என்பதே போதும். ‘ஹேவ் பீன் பீயிங் ஹியர்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 15, இரவு 9.30

‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2010’ என்று இந்தியா முழுக்கத்தான் சொல்கிறார்கள், புரியத்தானே செய்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். 2010 என்று வருஷமே வந்துவிட்டதால் கேட்பவர் சரிசெய்துகொள்கிறார். நம் ஊர் அலுவலகத்துக்குள் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி வாய் பழகியவர்தான் பர்மிங்காம் வாசலில் மாட்டிக்கொள்கிறார்.

எனக்கே நடந்தது உண்டு. முதல் வேலைக்கான நேர்முகத்தில் ‘ஐ ஆம் டீச்சிங் சின்ஸ் ஃபோர் இயர்ஸ்’ என்றேன். எதிரே இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ‘சோ, யூ ஹேவ் பீன் டீச்சிங் ஃபார் ஃபோர் இயர்ஸ்’ என்று என் வாக்கியத்தையே மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவர் திருத்தினார் என்பதே வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான் உறைத்தது. அன்றைக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கு நான் மாணவர்களைத் திருத்துகிற முறை அவரிடம் கற்றதுதான். தப்பு என்று சொல்வதில்லை. சரியான வாக்கியத்தை என் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வேன்.

ஜூன் 17, மதியம் 1.40

சின்ஸா ஃபாரா என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

தமிழிலேயே விடை இருக்கிறது. ‘ரெண்டு மணி நேரமா’ என்பது அளவு. ‘ரெண்டு மணியிலேர்ந்து’ என்பது தொடங்கிய புள்ளி. ‘ஆ’ வந்தால் ஃபார், ‘இலேர்ந்து’ வந்தால் சின்ஸ். ஃபார் டூ அவர்ஸ், சின்ஸ் டூ ஓ க்ளாக். மூணு நாளா என்றால் ஃபார் த்ரீ டேஸ். திங்கக்கிழமையிலேர்ந்து என்றால் சின்ஸ் மண்டே. ‘நேத்தா மழை பெய்யுது’ என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். ‘நேத்துலேர்ந்து’தான். அதனால் ‘ஃபார் எஸ்டர்டே’ என்று நம் ஆட்கள் யாரும் தப்பாகச் சொல்வதே இல்லை. தப்பு எப்போதும் ஒரே திசையில்தான் வருகிறது: ‘சின்ஸ் டூ அவர்ஸ்’.

‘காலையிலேர்ந்து’ என்பதை ‘ஃப்ரம் மார்னிங்’ என்று சொல்வதும் இதோடு சேர்ந்தது. ‘சின்ஸ் மார்னிங்’ என்று இந்தியாவில் சொல்வோம், வெளியில் ‘சின்ஸ் திஸ் மார்னிங்’ அல்லது ‘ஆல் மார்னிங்’ என்பார்கள்.

ஜூன் 18, இரவு 11.10

முதல் நாள் சொன்ன ‘ஆ’ விதியை நம்பி ஒரு பெண் இருபது வாக்கியம் எழுதி அனுப்பியிருக்கிறார். அதில் ஆறு தப்பு. குற்றம் அவருடையது அல்ல, என் விதியில் ஓட்டை இருக்கிறது. அடைக்கிறேன்.

‘எனக்கு அவரைப் பத்து வருஷமாத் தெரியும்.’ இதை ‘ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்’ என்று எழுதியிருக்கிறார். வராது. ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.’ தெரிவது, பிடிப்பது, நம்புவது, சொந்தமாக வைத்திருப்பது, இவையெல்லாம் செய்கிற வேலை அல்ல, இருக்கிற நிலை. இவற்றுக்கு ‘இங்’ பிடிக்காது. தமிழே கோடு காட்டுகிறது: ‘தெரிஞ்சுக்கிட்டு இருக்கேன்’ என்று நாம் சொல்கிறோமா? தெரியும், பிடிக்கும் என்று வால் ‘உம்’மில் முடிகிறது. அந்த ‘உம்’மைக் கண்டால் ‘இங்’கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அடுத்து, இல்லை என்று முடிகிற வாக்கியங்கள். ‘ரெண்டு நாளா சாப்பிடலை.’ இங்கே ‘ஆ’ இருக்கிறது. ஆனால் ‘ஐ ஹேவன்ட் ஈட்டன் ஃபார் டூ டேஸ்’ என்பதுதான் சரி. ‘ஹேவன்ட் பீன் ஈட்டிங்’ என்றால் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஏதோ கொறிக்கிறேன் என்கிற மாதிரி ஆகிவிடும். ‘மூணு வருஷமா ஊருக்குப் போகலை’, ‘நாலு மாசமா சம்பளம் வரலை’ எல்லாம் இந்த வகை. நடக்காத ஒன்று தொடர்ந்து ஓட முடியாது இல்லையா.

மூன்றாவது, பெயரில் முடிவது. ‘அஞ்சு வருஷமா நர்ஸ்.’ ‘ஷி ஹேஸ் பீன் எ நர்ஸ் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’ வினையே இல்லாதபோது ‘இங்’ எதில் போய் ஒட்டும்?

இந்த மூன்றிலும் ‘ஹேவ்’ போகவில்லை என்பதைப் பாருங்கள். ‘ஆ’ கேட்டால் ‘ஹேவ்’ நிச்சயம். ‘பீனும் இங்கும்’ வேண்டுமா என்பது வினையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அன்றைக்கே இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 20, காலை 6.30

இது கொஞ்சம் நெஞ்சில் தைத்த விஷயம்.

என் தங்கை கனடாவில் இருக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, நர்ஸிடம் தொலைபேசியில் கேட்கிற வசதி ஒன்று உண்டு, அதைக் கூப்பிட்டிருக்கிறாள். ராத்திரி பதினோரு மணி. ‘ஷி ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்றாள். நர்ஸ் நிதானமாக, காய்ச்சல் எப்போது விட்டது, இப்போது என்ன தொந்தரவு என்று கேட்டாராம். இவளுக்குக் கோபம். குழந்தை மடியில் கொதித்துக்கொண்டிருக்கிறது, விட்டது எப்போது என்கிறாரே என்று. மறுபடியும் அதே வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை போனை வாங்கி ‘ஸ்டில் ஹேஸ் இட்’ என்ற பிறகுதான் அந்தப் பக்கத்துக் குரல் மாறி, கேள்விகள் வேகமாக வந்தன.

‘ஹேட்’ என்றால் கதவு சாத்தியாகிவிட்டது. மூன்று நாள் இருந்தது, போய்விட்டது. அந்த நர்ஸ் காதில் விழுந்தது அதுதான். அவள் சொல்லியிருக்க வேண்டியது ‘ஷி ஹேஸ் பீன் ஹேவிங் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’.

ஜூன் 21, இரவு 8.00

நேற்று நான் கடைசியில் எழுதிய வாக்கியத்தை ராத்திரி படுக்கும்போது மறுபடி வாயில் போட்டுப் பார்த்தேன். சரியாக உட்காரவில்லை. காய்ச்சல் இருப்பது நிலை. 18ஆம் தேதி நானே எழுதிய விதிப்படி ‘இங்’ வேண்டியதில்லை. அங்கே இயல்பாகச் சொல்வது ‘ஷி ஹேஸ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’. இல்லையென்றால் ‘ஷி ஹேஸ் பீன் ரன்னிங் எ ஃபீவர்’. இதில் ‘ரன்னிங்’ என்ற வேலை வந்துவிடுவதால் ‘இங்’ பொருந்துகிறது. ‘ஹேவிங் ஃபீவர்’ என்று சொன்னாலும் நர்ஸுக்குப் புரிந்திருக்கும், ஆனால் அது நம் ஊர் வாடை உள்ள வாக்கியம்.

‘ஹேஸ் ஹேட்’ என்று இரண்டு சேர்ந்து வருவது நம் காதுக்கு விக்கல் எடுத்த மாதிரி இருக்கும். விடாதீர்கள். ‘ஷி ஹேட்’ என்பதற்கும் ‘ஷீஸ் ஹேட்’ என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன ‘ஸ்’. குழந்தைக்கு இப்போது சுடுகிறதா இல்லையா என்பது அந்த ‘ஸ்’ஸில் இருக்கிறது.

ஜூன் 23, மதியம் 3.15

சத்தம் பற்றி. நிறையப் பேர் இந்தக் காலத்தை ஆங்கிலப் பேச்சில் கேட்டதே இல்லை என்கிறார்கள். தினமும் கேட்கிறீர்கள், காது பிடிக்கவில்லை. யாரும் ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்று பிரித்துச் சொல்வதில்லை. ‘ஐவ் பின் வெயிட்டிங்’ என்று ஓட்டிவிடுவார்கள். அதிலும் அந்த ‘வ்’ அடுத்த ‘பி’யில் கரைந்துபோகும். ‘பீன்’ என்ற நெடில் ‘பின்’ ஆகிவிடும், அமெரிக்கர்களுக்கு எப்போதுமே ‘பின்’தான். கடைசியில் நம் காதில் மிஞ்சுவது ‘ஐபின் வெயிட்டிங்’.

எழுதும்போது வேறொரு கோளாறு. ‘ஹேவ் பீயிங் வெயிட்டிங்’. என் மாணவர்களின் கடிதங்களில் வாரம் ஒன்றாவது வந்துவிடும். பீன், பீயிங் இரண்டும் நம் வாயில் ஒரே மாதிரி ஒலிப்பதால் வருகிற வம்பு. ஹேவுக்குப் பக்கத்தில் உட்காருவது எப்போதும் பீன். பீயிங் உட்காருவது ஆம், ஈஸ், ஆர் பக்கத்தில்.

ஜூன் 24, இரவு 9.45

இதுவரை ‘எவ்வளவு நேரமா’ என்ற ஒரு பயனை மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. அதில் நேரமே வராது, வேலையும் முடிந்துபோயிருக்கும், ஆனால் தடயம் கண்ணில் தெரியும். இதில் ‘ஆ’ விதி உதவாது.

இன்று சாயங்காலம் பையன் உள்ளே வந்தான். முழங்காலில் செம்மண், சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. ‘விளையாடிட்டு வர்றியா?’ என்றாள் என் மனைவி. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹேவ் யூ பீன் ப்ளேயிங்?’ விளையாட்டு முடிந்துவிட்டது. எத்தனை மணி நேரம் என்று யாருக்கும் கவலை இல்லை. ஆனால் விளையாட்டு இன்னும் அவன் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘டிட் யூ ப்ளே?’ என்று கேட்டால் வேறு. நேற்றைய போட்டியில் விளையாடினாயா என்பது போன்ற விசாரணை அது. கண் சிவந்து ஒருத்தி கதவைத் திறந்தால் நாம் ‘அழுதியா?’ என்போம். ஆங்கிலத்தில் ‘டிட் யூ க்ரை?’ என்று கேட்டால் வறண்டுபோகும், ‘ஹேவ் யூ பீன் க்ரையிங்?’ என்று கேட்க வேண்டும். கண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. எழுந்து பார்த்தால் தெரு ஈரம், வானம் வெளுத்துவிட்டது: ‘இட்ஸ் பீன் ரெயினிங்.’ தமிழில் ‘மழை பெஞ்சிருக்கு’. இந்த ‘பெஞ்சிருக்கு’வில் உள்ள ஊகத்தை அவர்கள் ‘பீன் ரெயினிங்’கில் வைத்திருக்கிறார்கள்.

கணக்கு சொன்னால் மட்டும் ‘இங்’ விலகிக்கொள்ளும். காலையிலிருந்து தோசை சுட்டுக்கொண்டிருக்கிறேன் என்றால் ‘ஐ ஹேவ் பீன் மேக்கிங் தோசைஸ்’. முப்பது சுட்டாகிவிட்டது என்றால் ‘ஐ ஹேவ் மேட் தர்ட்டி’. வேலையைச் சொன்னால் இங், விளைச்சலைச் சொன்னால் இங் இல்லை.

ஜூன் 26, காலை 5.50

தூக்கம் வராமல் எழுந்து எழுதுகிறேன். முதல் நாள் ‘தமிழில் வினை மாறவே இல்லை’ என்று அடித்துச் சொன்னேனே, அது தப்பு. நேற்று பேப்பர் படிக்கும்போது பிடிபட்டது.

‘கடந்த 3 நாட்களாக மழை பெய்து வருகிறது.’

பெய்து வருகிறது! ‘பெய்துகொண்டிருக்கிறது’ என்றால் ஜன்னலுக்கு வெளியே இப்போது விழுகிற மழை. ‘பெய்து வருகிறது’ என்றால் அன்றைக்குத் தொடங்கி, நாள் நாளாக நடந்து, நம்மிடம் வந்து சேர்ந்த மழை. இந்த நிமிஷம் தூறல் நின்றிருந்தால்கூட அந்த வாக்கியம் பொய் ஆகாது. ‘வா’ என்ற வினை நேற்றிலிருந்து இன்றைக்கு நடந்து வருகிறது. ‘ஹேஸ் பீன் ரெயினிங்’ என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ‘சிகிச்சை பெற்று வருகிறார்’, ‘போலீசார் தேடி வருகின்றனர்’, ‘பணியாற்றி வருகிறேன்’, எத்தனை நாளாக என்று சேர்த்துச் சொன்னால் அத்தனையும் ‘ஹேவ் பீன்’தான். இது இல்லாமல் ஒருநாள் பேப்பர் வருமா?

பதினோரு வருஷமாக இதைப் பாடத்தில் சேர்க்காமல் இருந்திருக்கிறேன். இன்று மாலை பலகையில் முதலில் எழுதப்போவது இந்த வாக்கியம்தான். பேச்சில் நாம் ‘பெஞ்சுக்கிட்டே இருக்கு’ என்று ஏகாரம் போட்டுச் சமாளிக்கிறோம். எழுத்தில் ‘வருகிறது’ தயாராக நிற்கிறது.

இன்னொன்றும் சேர்த்துவிடுகிறேன். நன்னூல் நிகழ்கால இடைநிலைகள் என்று மூன்று சொல்கிறது: ஆநின்று, கின்று, கிறு. உண்ணாநின்றான் என்றால் உண்கிறான். அந்த ஆநின்றுக்குள் ‘நின்று’ என்ற சொல் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. நிற்பது, இருப்பது, வருவது என்று காலத்தைச் சொல்ல நாம் எப்போதும் உடம்பின் வினைகளைத்தான் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறோம்.

ஜூன் 26, இரவு 10.20

இந்தக் காலம் யாரோ இலக்கண ஆசிரியர்கள் உட்கார்ந்து பண்ணியது என்று ஒரு பதிவு. இல்லை, ரொம்பப் பழசு. சாசர் 1400இல் இறந்துபோன கவிஞர். அவருடைய கேன்டர்பரி கதைகளில் முதல் கதையில், தீசியஸ் மன்னன் போர் முடிந்து ஏதென்ஸுக்குத் திரும்பி வருகிறான். வழியில் கறுப்பு உடுத்திய பெண்கள் இரண்டிரண்டு பேராக மண்டியிட்டு அழுகிறார்கள். தீப்ஸ் நகரத்தில் இறந்த தங்கள் கணவர்களின் உடலைப் புதைக்கவோ எரிக்கவோ அந்த நகரத்தை ஆளும் கிரியோன் விடவில்லை. உனக்காக இந்தக் கோயிலில் இரண்டு வாரமாகக் காத்திருக்கிறோம் என்கிறார்கள். அந்த வரி: ‘வி ஹான் பென் வெய்ட்டிங் ஆல் திஸ் ஃபோர்ட்டநைட்.’

எழுத்தைக் கொஞ்சம் மாற்றினால் உங்கள் மகள் பரீட்சையில் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம். அறுநூறு வருஷத்துக்கு மேலாக அதே ஹேவ், அதே பீன், அதே வெயிட்டிங். காத்திருந்தவர்கள் முறையிடும்போது வந்து விழுகிற வாக்கியம் அன்றைக்கும் இதுதான். அலுவலகக் கடிதத்தில் ‘ஐ ஹேவ் பீன் ட்ரையிங் டு ரீச் யூ’ என்று வந்தால் அடியில் ஒரு மனத்தாங்கல் இருக்குமே, அதே குரல்.

சரி, எல்லா மொழியும் இப்படியா என்றால் இல்லை. ஜெர்மன்காரர் ‘ஸைட்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டு வினையை நிகழ்காலத்திலேயே விட்டுவிடுவார். பிரெஞ்சுக்காரரும் ‘தெப்புயி’ போட்டு அப்படித்தான். நம் ‘ஆ’ மாதிரி. அதனால் ‘ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டூ அவர்ஸ்’ என்ற தப்பை ஜெர்மன் பிள்ளைகளும் எழுதித் திருத்து வாங்குகிறார்கள். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

ஜூன் 29, மாலை 5.00

‘ஹேட் பீன்’ எப்போது? நேற்றுக்குள் நின்றுகொண்டு அதற்கு முந்திய நேரத்தைப் பார்க்கும்போது. ‘பஸ் வந்தப்போ ஒரு மணி நேரமா நின்னுக்கிட்டு இருந்தேன்.’ இதே கதைதான், மொத்தமாக ஒரு படி பின்னால் போய்விடுகிறது: ‘ஐ ஹேட் பீன் ஸ்டாண்டிங் ஃபார் ஆன் அவர் வென் த பஸ் கேம்.’ இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை.

எதிர்காலம்தான் பயமுறுத்துகிறது. ‘ஐ வில் ஹேவ் பீன் ஒர்க்கிங்.’ நான்கு வினை வரிசையாக. வகுப்பில் இதைப் பலகையில் எழுதினால் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆனால் தமிழில் இதைச் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம்: ‘வர்ற ஜூனோட வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் ஆகுது.’ ஆகுது! இங்கே ‘ஆ’ போய் ‘ஆகுது’ வந்திருக்கிறது. ‘பை ஜூன், ஐ வில் ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ட்வென்ட்டி இயர்ஸ்.’ தினசரிப் பேச்சில் அடிக்கடி தேவைப்படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரிவு உபசாரக் கூட்டத்துக்கு ஒன்று, வேலை விண்ணப்பத்துக்கு ஒன்று போதும்.

ஜூலை 1, காலை 8.10

‘எங்கள் தெருவில் ரோடு மூன்று மாதமாகப் போடப்பட்டு வருகிறது’ என்பதை எப்படி எழுதுவது? இலக்கணப்படி ‘ஹேஸ் பீன் பீயிங் லெய்ட்’ வரும். 23ஆம் தேதி பீனும் பீயிங்கும் வேறு வேறு இடத்தில் உட்காரும் என்றேன், இங்கே இரண்டும் ஒட்டி நிற்கின்றன. தப்பில்லை, ஆனால் அவர்களே தவிர்க்கிறார்கள். நம் பேச்சு வழியே போங்கள்: ‘மூணு மாசமா ரோடு போட்டுக்கிட்டே இருக்காங்க.’ ‘தே ஹேவ் பீன் லேயிங் த ரோட் ஃபார் த்ரீ மன்த்ஸ்.’ யார் அந்த ‘தே’ என்று தமிழிலும் சொல்லவில்லை, ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டாம்.

ஜூலை 4, இரவு 9.00

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். மகள் இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு சந்தேகம் கிளப்பியிருக்கிறாளாம்: ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் மேரீட்?’ என்பதில் பீன் இருக்கிறது, இங் காணோமே, நீங்கள் சொன்னது எங்கே போயிற்று?

நல்ல கேள்வி, பாப்பா. கல்யாணம் ஒருநாளில் நடந்து முடிந்துவிட்டது. அதைத் தினமும் யாரும் பண்ணிக்கொண்டிருப்பதில்லை. அதற்குப் பிறகு இருப்பது ஒரு நிலை, நர்ஸாக இருப்பது மாதிரி. அம்மாவிடம் தமிழில் எப்படிக் கேட்பாய்? ‘கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?’ வினையை ‘ஆகி’ என்று முடித்து ஓரமாக வைத்துவிட்டு, வருஷத்தை மட்டும்தானே எண்ணுகிறாய். ஆங்கிலமும் அங்கே அதைத்தான் செய்கிறது.

அந்த அரை மார்க் பரீட்சைத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் பதிலை ஆங்கிலத்தில் அதன் பின்பக்கம் எழுதிப் பார்.